துப்பட்டி தேடும் மைனா

“இது தாயின்னு நெனச்சிருக்கறது என்னெ இல்லம்மா, துப்பட்டிய.”

பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தலையோடு வெள்ளைத் துப்பட்டி போர்த்திய முஸ்லிம் பெண் சொன்னாள். மடியில் வாய் கட்டிய கூடை. உள்ளே ஒரு மைனா விடாமல் கத்தியது. பக்கத்தில் இருந்த கீரப்பாளையத்து அம்மாள் கூடையைத் தொட்டுப் பார்த்தாள்.

“குஞ்சா எடுத்தியா?”

“ஆமா. தாய பூன புடிச்சிடுச்சு. கூடயில புதுத் துப்பட்டிய விரிச்சி, பொட்டுக்கடல ஊறவச்சி ஊட்டுனேன்.”

“புதுசையா விரிச்ச?”

“எங்க வூட்டுக்காரவங்க பினாங்குலேருந்து அனுப்புனது. அவங்க அங்க சம்பாதிக்கப் போயி ஆறு வருசமாச்சு. புதுசப் போத்திக்கிட்டு நான் எங்க போவப் போறேன்?”

“இப்ப ஏன் கொண்டுக்கிட்டுப் போற?”

“றெக்க மொளச்சதும் தெருவுல எந்தத் துப்பட்டி போனாலும் அதும்மேல போயி ஒக்காருது. பொம்பளைங்க பயந்துபோயி அடிக்கிறாங்க. ஒரு கால் நொண்டுது. துப்பட்டி போடாத ஊரு பக்கமா உட்டுடலாம்னு வந்தேன்.”

“எங்கிட்டக் குடு. எங்க ஊரு முச்சூடும் வயலுதான்.”

சிதம்பரத்தில் இறங்கியதும் கூடை துணியோடு கைமாறியது.

“எப்பவாச்சும் வந்து பாரும்மா. ஒன்னெப் பாத்தா பறந்து வந்து ஒக்காரும்.”

“ஒக்காரும்,” என்றாள் அவள். “வூட்டுக்குள்ள நாங்க துப்பட்டி போடமாட்டோம். இது வந்து எந்தோள்ல ஒக்காரட்டும்னு, யாருமில்லாத வூட்டுல ஒரு மாசமா போத்திக்கிட்டே இருந்தேம்மா.”