ஒரு கார்டுக்கு ஒரு வயர்

பிளக்கைச் சொருகும்போது ‘க்ளிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், சார். பெரும்பாலானவர்கள் அதற்குக் காத்திருப்பதில்லை. நான் காத்திருப்பேன். அது என் சுபாவம். கடையிலும் வீட்டிலும் எனக்குப் ‘பத்திரம்’ என்றே பெயர். எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்வேனாம். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவது என் தொழில். என் கைபட்ட பெட்டி எதுவும் புகைந்து திரும்பி வந்ததில்லை. அந்த ஒன்றைத் தவிர. அதுவும் திரும்பி வரவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி, அதாவது என் தங்கையின் கணவரைப் பற்றி, நான் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன். கலகலப்பான மனிதர். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் காட்டுவது அவர் வேலை. இல்லாத மரம், இல்லாத வெயில், பால்கனியில் இல்லாத ஒரு குடும்பம். அதற்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டுதான் உழைக்க வேண்டும். வீட்டின் பின்னறையில் ஏசி போட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருந்தார். ஃபேன் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார். அது வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

“மச்சான், நாலு கார்டு வாங்கிட்டேன். எல்லாத்தையும் ஒரே பெட்டியில மாட்டிக் குடுங்க,” என்றார் ஒருநாள்.

“இருக்கிற பவர் சப்ளை தாங்காது மாப்ளே. நாலும் சேர்ந்து எவ்வளவு இழுக்கும்னு பார்த்து, அதுக்கு மேலயும் கொஞ்சம் இடம் விட்டுப் பெருசா வாங்கணும். ஒவ்வொரு கார்டுக்கும் பவர் சப்ளையில இருந்து தனி வயர் வரணும்.”

“ஒரே வயரைப் பிரிச்சு ரெண்டு கார்டுக்குக் குடுத்தா ஆகாதா?”

“வேலை செய்யும். ஒருநாள் உருகும்.”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். “உங்க அண்ணன்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டா, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு குடிக்கச் சொல்வாரு.”

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

பெரிய பவர் சப்ளை வாங்கவைத்து, எல்லாவற்றையும் முறைப்படி மாட்டிக் கொடுத்தேன். கார்டுக்கு ஒரு வயர். சுவரிலிருந்து நேராக ஒரு பிளக், நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடையாது. கூரையில், புகை வந்தால் அலறும் அலாரம் ஒன்றையும் பொருத்தினேன். பல மாதங்கள் ஓடின. ஒன்றும் ஆகவில்லை.

சிக்கல் அங்கேதான் சார். ஒரு விருந்தில், அவருடைய நண்பர்கள் எல்லாரும் இருக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “இவரு பேச்சைக் கேட்டு எல்லாத்தையும் புதுசா வாங்கினேன். என்ன ஆச்சு? ஒண்ணுமே ஆகலை. சும்மா பயமுறுத்திட்டாரு மனுஷன்.” எல்லாரும் சிரித்தார்கள். எதிர் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்தேன். ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் நான் செய்த வேலை. ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு வேலையை எப்படிக் காட்டுவது? டாக்டர் பிழைத்தவனைக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது? கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்குச் சட்டென்று கோபம் வராது.

கொஞ்ச நாளில், பெட்டியில் தூசி அடைந்துவிட்டது, சுத்தம் செய்து தாருங்கள் என்று அவரே கூப்பிட்டார். போனேன். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். “ஆறிடும், முதல்ல குடிங்க மச்சான்.” குடித்தேன். அவர் வெளியே போனதும் நல்ல வயர்களை எல்லாம் கழற்றிப் பையில் வைத்தேன். ஹார்டு டிஸ்குக்குப் போகிற மெல்லிய வயரிலிருந்து கார்டுகளுக்கு இணைப்புக் கொடுத்தேன். க்ளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். வேலை என்றால் வேலைதான்.

பிறகு ஸ்டூலில் ஏறி அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். இது மறதி இல்லை, நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். முதல் நாற்றத்திலேயே அது அலறியிருந்தால், அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, உருகிய ஒரு பிளக்கை அடுத்த விருந்தில் எல்லாரிடமும் காட்டியிருப்பார். அதுவும் ஒரு ஜோக்காகப் போயிருக்கும்.

சின்ன வேலைகளுக்கு அந்த வயர் தாக்குப்பிடித்தது. பிறகு அவரே போன் செய்தார். “பெரிய ஆர்டர் மச்சான். நாலு கார்டும் விடாம ஓடணும்.”

“ஓடட்டும்.”

“என்ன, பத்திரம்னு சொல்லலையா?”

“சொல்லி என்ன ஆகப்போகுது மாப்ளே,” என்றேன். அவர் சிரித்தார்.

மறுநாள் மதியம் தங்கையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மதியச் சாப்பாடு முடிந்ததும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். ஏசி இருந்தது அங்கே மட்டும்தான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். போன் அடித்தபோது யார் என்று படிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். எதிர் வீட்டுக்காரர். நான்தான் எடுத்துப் பேசினேன். ஆட்டோவில் அவள் என் கையை விடவே இல்லை. கண் கூசுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெருப்பு அவரைத் தொடவில்லை, ஸ்பாஞ்சிலிருந்து வந்த புகைதான் என்றார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார்.

“நீ தலைபாடா அடிச்சுக்கிட்டியே அண்ணா. நாங்க சிரிச்சோமே,” என்று தங்கை என் மடியில் விழுந்து அழுதாள். பரவாயில்லைம்மா என்றேன். உண்மையாகவே எனக்கு அப்போது யார்மீதும் மனத்தாங்கல் இல்லை. விருந்தில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் வீட்டு வயர்களைப் பார்க்கச் சொன்னார்கள். எதிர் வீட்டுக்காரர் குழந்தை தூங்கும் கட்டிலுக்கு அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகிக் கிடந்தது. கழற்றி எறிந்தேன். குழந்தையின் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் ஆட்கள் என் மேஜை இழுப்பறையில் அந்த நாலு வயரையும் பார்த்தார்கள். அந்த பவர் சப்ளைக்கு மட்டுமே பொருந்துகிற வயர்கள். குப்பையில் போட்டிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. அருமையான வயர்கள். அன்று வாசலில் நின்று பார்த்த தங்கை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆற அமர யோசித்தால் அவளுக்குப் புரியும்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். வயரை மாற்றியது நான். பேட்டரியை எடுத்தது நான். அவர் உள்ளே தூங்குவார் என்று தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை நியாயமான மனிதர். இன்று உயிரோடு இருந்திருந்தால், நான் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று முதல் ஆளாக ஒப்புக்கொண்டிருப்பார்.