கால்களைச் சுற்றிய துணி

“விழுந்து படுங்கோ!”

படுக்கிறேன். குழந்தை என் மார்பின் அடியில். எறிகணையின் கூவல். ஒரு கணம் அமைதி. வெடிப்பு. தேவாலயத்தின் ஓடுகள் சரிகின்றன. புதன்கிழமை. காலை ஒன்பது இருபது. எழுவைதீவுத் தேவாலயத்தில் நாங்கள் அடைபட்டு நான்காம் நாள்.

நான் இத்தீவின் தாதி, எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’. குழந்தை றெஜினா. ஒன்றே கால் வயது. தாய் திரேசா. பால்மா தீவுக்கு வந்து மாதங்களாயின. ஊட்டமின்றி மெலிந்த குழந்தைக்கு ஒரே வேளையில் நிறையக் கொடுத்தல் ஆகாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சிறு கரண்டியால். என்னிடம் எஞ்சிய பால்மா, சீனி, சில துளி தேங்காயெண்ணெய். உடல் குளிரவும் கூடாது. ஆகவே ஞாயிறன்றே கால்களை முழங்கால்வரை துணியால் சுற்றினேன். பின்னர் அவிழ்க்கவில்லை.

மீனவர் யோசேப்பு தம் மீன் தராசைக் கொணர்ந்தார். குழந்தையைச் சேலைத் துண்டில் இட்டுக் கொளுக்கியில் தொங்கவிட்டோம். ஞாயிறன்று ஐந்தே கால் கிலோ. செவ்வாய் காலை ஐந்தே முக்கால்.

“மிஸ்ஸி, பிள்ளை நிறையில என்ரை பாரைமீனை வெண்டிட்டுது!”

“விலை பேசிப்போடாதேங்கோ, அண்ணை!” என்றாள் திரேசா. தேவாலயமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று எட்டு மணிக்கு எறிகணை வீச்சு ஓய்ந்தது. கரையில் ஒரே வள்ளம். அக்கரை மருத்துவமனைக்குப் புறப்பட நின்றது.

“ஏறட்டோ, மிஸ்ஸி?”

“வேண்டாம், திரேசா. பிள்ளை தேறுது. கடலில சுடுறாங்கள். நீர் இஞ்சையே இரும்.”

வள்ளம் சென்றது. பழுதின்றிக் கரைசேர்ந்தது எனப் பின்னர் அறிந்தோம்.

நண்பகலில் துணி நனைந்தது. அவிழ்த்தேன். பாதங்கள் பருத்திருந்தன. பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்தேன். குழி மீளவில்லை. கூடிய நிறை சதையன்று. வீக்கம். நீர்.

கரைக்கு ஓடினேன். கடலில் ஒரு வள்ளமும் இல்லை. மூன்று மணிக்கு எறிகணைகள் மீண்டும் தொடங்கின. திரேசாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை.

“இனி ஏலாதோ, மிஸ்ஸி?”

புதன், ஒன்பது இருபத்தைந்து. எழுகிறேன். கரண்டியை எடுக்கிறேன். உதடு திறக்கிறது. விழுங்கவில்லை. பால் கன்னத்தில் வழிகிறது. துடைக்கிறேன். மீண்டும் கரண்டி.

வியாழன் காலை ஆறு ஐந்து. இரு வெடிப்புகளுக்கு இடையே றெஜினாவின் மூச்சு நின்றது.

இழந்தவை. தேவாலயக் கூரையின் கடற்பக்கம். கிணற்றடிக்குச் சென்ற இருவர். ஒரு குழந்தை. மீன் தராசில் ஐந்தே முக்கால் கிலோ. அதில் அவள் எவ்வளவு, நீர் எவ்வளவு, இன்றும் அறியேன்.