எட்டாம் நாள் நண்டு

ஆரையம்பதியில் பஸ் ஏறிய இரண்டு கம்பஸ் பெடியன்கள் என் சீற்றுக்குப் பக்கத்தில் நின்றார்கள். போன கிழமை லொறி அடித்துச் செத்துப்போன கூட்டாளியின் எட்டாம் நாள் படையலுக்குப் போய்விட்டு வருகிறார்கள்.

"நண்டு திண்டா அவனுக்கு உடம்பெல்லாம் தடிக்குமாம் மச்சான், இண்டைக்குத்தான் அறிஞ்சன். அதைப் படைக்கச் சொன்னது நான்தான்."

"ஏன்டா?"

"கம்பஸில என்ன விரும்பிச் சாப்பிடுறவன், அதையும் வைக்க வேணும் எண்டு அவன்ட அம்மா கேட்டா. தெரியா எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டன்."

"அம்மாக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். தெரிஞ்சும் சமைச்சு வச்சா. படைச்சு முடிய அந்த நண்டை எடுத்து என்ட இலையில போட்டா. 'உனக்குத்தான் நண்டு விருப்பம் எண்டு அவன் சொல்லுறவன் மகன்' எண்டா."

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது.

"மூண்டு வருஷம் ஒரே றூம். அவனுக்கு என்ன விருப்பம் எண்டு நான் ஒருநாளும் கேக்கல்லடா."

மற்றவன் வாவியைப் பார்த்தபடி கேட்டான்.

"நண்டைத் திண்டியா?"

"முழுக்கத் திண்டிட்டன் மச்சான். நல்ல ருசி."