பன்னிக்கொட்டில் மரம்

— இதையும் வெட்டிடவா, டிம்ப்னாக்கா?

— எங்க, காட்டு. ஆமாண்டா ஃபெர்கல், கிளையச் சுத்திப் பட்டையெல்லாம் புண்ணு. அடிமரத்துலயும் எறங்கிருச்சு. வெட்டு.

— இதோட அறுபத்திரண்டு. சத்தியமாச் சொல்றேன், கோடரியத் தூக்கவே கை கூசுது.

— எல்லாம் காக்ஸ் ரக ஆப்பிள் மரந்தானே? பாரு, ருசியில ராணி, உடம்புல நோஞ்சான். நம்ம ஆர்மா ஊரு மழைய அது தாங்காதுன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

— சொன்ன. நாந்தான் கேக்கல. சந்தையில அதுக்கிருந்த மவுசு கண்ண மறைச்சிருச்சு. குத்திக்காட்டத்தான் இந்தச் சேத்துல நடந்து வந்தியா?

— சோடா ரொட்டி சுட்டேன், கொண்டாந்தேன். வெண்ணெய் தடவியிருக்கு, தின்னு. அடுத்து எந்த ஆப்பிள் நடப் போற?

— கன்னு விக்கிறவன் பட்டியல்ல ஒன்பது ரகம் போட்டிருக்கான். ஒன்பதும் பட்டைப் புண்ணைத் தாங்குமாம்.

— எந்த ஊர் மண்ணுலன்னு போட்டிருக்கானா?

— அதெல்லாம் இல்ல.

— அப்ப மடிச்சுச் சட்டைப்பையில வை. பாரு, உன் தோட்டத்துல ஈரம் எங்க அதிகம்?

— பன்னிக்கொட்டில் பக்கம். கால வச்சா பூட்ஸ் திரும்பி வராது.

— அங்க நிக்கிற மரத்துல ஒரே ஒரு புண்ணு காட்டு, பாப்போம்.

— அந்தப் பேரில்லாத மரமா? இரு, கிட்டப் போய்ப் பாக்கறேன்... சத்தியமா ஒண்ணுகூட இல்லக்கா! பக்கத்துல இருந்த காக்ஸெல்லாம் முதல்லயே போச்சு, இது கல்லு மாதிரி நிக்குது. ஆனா பழம் புளிக்குமே?

— பச்சையாத் தின்னா புளிக்கும். கிறிஸ்துமஸுக்கு நான் சுட்ட ‘ஆப்பிள் பை’ பலகாரத்துல மூணு துண்டு முழுங்கினது யாரு?

— அட, அது இந்தப் பழமா!

— பின்ன?

— சரி, இதுலேருந்தே ஒட்டுக் கட்டலாம். ஆனா கன்னு தேறி நடறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆயிரும். அதுவரைக்கும் வெறும் நிலத்த வச்சுக்கிட்டு என்ன பண்ண? என் பொண்டாட்டி மோய்ரா, வித்துட்டு பெல்ஃபாஸ்டுக்குப் போயிரலாம்ங்கிறா.

— உனக்குப் போக ஆசையா?

— துளிகூட இல்ல.

— அப்ப டிராக்டர எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வா. கொல்லையில எழுபது கன்னு நெஞ்சுயரத்துக்கு நிக்குது. மூணு வருஷம் முந்தி உனக்குத் தெரியாம இந்த மரத்துலதான் குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினேன். என்ன நடலாம்னு நீயா வாயத் திறந்து கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.