உள்ளிருந்து திறக்கும் பூட்டு

லாரியின் பின்கதவை யாரும் பார்ப்பதில்லை. நீங்களும் சிக்னலில் எத்தனையோ முறை ஒரு லாரிக்குப் பின்னால் நின்றிருப்பீர்கள். அதில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். பூட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல பூட்டு அப்படித்தான், கண்ணில் படாது.

நான் டிப்ளமாவை மூன்றாம் வருடத்தில் விட்டவன். ஏன் விட்டேன் என்பது இங்கே தேவையில்லை. ஒன்பது வருடம் ஒரு பூட்டுக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரிவில் இரவு ஷிப்டு பார்த்தேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் அங்கே டிசைன் என்ஜினியர். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏதோ ஆத்திரத்தில் செய்ததாக நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

நாங்கள் செய்தது ஃப்ளஷ் லாக். கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்காமல், உள்ளங்கை அளவு குழியில் பதிந்து, கதவோடு கதவாகக் கிடக்கும் பூட்டு. பார்க்க அழகு. ஆனால் அந்தக் குழிதான் வினை. மழைக்குக் கதவில் ஒரு கிண்ணம் வைத்துக் கொடுத்த மாதிரி. தண்ணீர் தேங்கும், சேறு சேரும், துரு பிடிக்கும், ஆறே மாதத்தில் டிரைவர் சுத்தியலால் தட்டித் திறக்க ஆரம்பிப்பார். கம்பெனியில் டிகிரி வாங்கிய நாலு பேர் இரண்டு வருடம் உட்கார்ந்தும் அதற்கு வழி தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. குழியின் அடிமடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். தண்ணீர் அதன் வழியே பூட்டின் பின்பக்கம் போய், கதவின் இரண்டு தகடுகளுக்கு நடுவே இறங்கி, அடியில் சொட்டிவிடும். முகப்பில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். உற்பத்திச் சீட்டின் முதுகில், பிரஸ் இறங்கி ஏறும் இடைவெளியில் வரைந்தேன். பதினொரு சீட்டு. அத்தனையும் மச்சானிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார்.

அந்தச் சொல்லை நான் வெகுநாள் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்பெட்டி லாரியில் ஆள் தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி இருக்க வேண்டும். அதற்காகக் கதவின் உட்புறம் ஒரு குமிழ் வைத்தேன். சும்மா அழுத்தினால் திறக்காது, சும்மா திருப்பினாலும் திறக்காது. சரக்குச் சரிந்து அதில் மோதினால் ஓடும் வண்டியில் கதவு திறந்துவிடக் கூடாது, இல்லையா. முழுதாக அழுத்தி, அழுத்தியபடியே இடது பக்கம் கால் சுற்று. அப்போது பூட்டின் நாக்கு பின்வாங்கும். அது என் கைக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார் மச்சான். பிறகு பார்க்கலாம் என்றேன்.

பனியில் உறைந்தாலும் திறக்கிறதா என்று வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் பூட்டை வைத்துப் பார்த்தேன். நனைத்து வைப்பேன், காலையில் எடுத்துத் திருப்புவேன். நாற்பது தடவை. நாற்பது தடவையும் திறந்தது. "பூட்டுக்கு இடம் இருக்கு, பிள்ளைக்கு ஐஸ் வைக்க இடமில்லை" என்று என் மனைவி முணுமுணுப்பாள். ஆனால் எடுத்து வெளியே வைத்ததில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பகல் ஷிப்டுக்கு, சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மச்சானும் நானும் என் வண்டியிலேயே போய் வந்தோம். வாசல் காவலாளி எங்களுக்கு ஜோடி என்றே பெயர் வைத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, பிரிவுச் சுவரில் புது டிராயிங்கை ஒட்டியிருந்தார்கள். என் பூட்டு. ஆனால் பின்பக்கக் கீறலை அடைத்துவிட்டு முகப்பிலேயே ஒரு ஓட்டை. பல் விழுந்த வாய் போல இருந்தது. கீழே வலது மூலையில் 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் மச்சானின் கையெழுத்து. ஃபோர்மேன் என் பின்னால் வந்து நின்று, "உங்க மச்சானுக்கு மூளைய்யா மூளை. நீயும் இருக்கியே" என்றார். சிரித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் மச்சானைக் கேட்டேன். "ஒரு ஓட்டை போட்டதுக்குப் பூட்டே உங்களுதாயிடுச்சா மச்சான்?"

அவர் டிபன் மூடியைத் திறந்தவர் மறுபடி மூடினார். "டிப்ளமாகூட இல்லாம அந்தக் கட்டத்துல பேர் போட முடியாது மாப்பிள்ளை. ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஓட்டை எதுக்கு?"

"பின்னாடி போற தண்ணி உறைஞ்சா நாக்கைப் பிடிச்சுக்கும். முன்னாடியே வடிஞ்சா வம்பில்லை."

"நாற்பது தடவை உறைய வச்சுப் பார்த்திருக்கேன்."

"வெறும் பூட்டைத்தானே வச்சீங்க. கதவோட வைக்கலையே." பிறகு அவராகவே சிரித்தார். "கதவோட வச்சா என் தங்கச்சி உங்களையும் சேர்த்து வெளிய வச்சிருப்பா."

எல்லாரும் சிரிக்கும் நகைச்சுவைதான். நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஒரு மாதமாக அவளுக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் மிச்சம் தின்று, ஒரு மாதம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

"அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னுச்சு" என்றாள். "பேர் போட்டா நீங்கதானே அந்தக் குளிர் ரூமுக்குள்ள போகணும். உங்க இளைப்புக்கு அது ஆகுமா?"

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. யார் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறாரோ அவரே உள்ளே போய்த் தன் பூட்டைத் திறந்து காட்ட வேண்டும். தவறாக வரைந்தவன் தானே மாட்டிக்கொள்ளட்டும் என்று எப்போதோ ஒரு முதலாளி வைத்தது. எனக்குக் குளிர் பட்டால் மூச்சு இழுக்கும், உண்மைதான். அதனால் என் மேல் இரக்கப்பட்டு என் பூட்டை எடுத்துக்கொண்டார் என்கிறாள். எடுத்துக்கொள்கிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, ஒரு காரணத்தையும் கொண்டுவருகிறார்கள். அன்று அவள் என் மனைவியாகப் பேசவில்லை, அவருடைய தங்கையாகப் பேசினாள். அதன் பிறகு அந்த வீட்டில் நான் ஒரு வாடகை ஆள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

சோதனை சனிக்கிழமை. சனிக்கிழமை ஒரு மணிக்குக் கம்பெனி மூடிவிடும். குளிர் அறைக்குள் லாரிப் பெட்டியின் ஒரு துண்டு இருக்கிறது, அசல் கதவோடு. கதவின் மேல் தண்ணீர் அடித்து, மைனஸ் இருபத்தைந்தில் உறைய விட வேண்டும். பிறகு வரைந்தவர் பக்கவாட்டில் உள்ள ஒரு சின்ன மூடி வழியாக உள்ளே நுழைவார். வெளியே நிற்பவர் அந்த மூடியை நாலு நட்டு போட்டு இறுக்குவார். உள்ளே இருப்பவர் குமிழைத் திருப்பி, உறைந்த கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். நாலைந்து நிமிட வேலை. சுவர் கனமானது என்பதால் தட்டுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் கசிகிறது. மூன்று என்றால் மூடியைத் திற.

காலை ஏழு மணிக்குப் போய்க் கதவில் பூட்டை மாட்டினேன். ஓட்டை போட்டதை அல்ல. என்னுடையதை. முகப்பு வழவழவென்று இருந்ததை. மாட்டிவிட்டுத் தண்ணீர் அடித்தேன். பன்னிரண்டு மணிக்குக் கதவு முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது.

மச்சான் பன்னிரண்டரைக்கு வந்தார். கம்பெனிச் சட்டையோடுதான் வந்தார். நாலு நிமிடத்துக்கு யார் கோட்டு மாட்டுவார்கள். கைபேசியை வெளி மேசையில் வைத்தார், குளிரில் பேட்டரி போய்விடும். கதவை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஓட்டையைப் பனி மூடிடுச்சு போல மாப்பிள்ளை."

"ஆமா மச்சான்."

"பரவாயில்லை, உள்ள வடிஞ்சிருந்தாத்தான் பயம்." குனிந்து மூடிக்குள் நுழைந்தவர் தலையை வெளியே நீட்டினார். "வெளிய வந்ததும் சூடா ஒரு டீ. நீங்கதான் வாங்கறீங்க."

நாலு நட்டையும் இறுக்கினேன்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு குமிழ் அழுந்தும் சத்தம். மறுபடி. மறுபடி. பிறகு மூன்று தட்டு.

நான் திறக்கவில்லை. சுவரில் வாயை வைத்து, "உங்க பூட்டுதானே மச்சான்" என்றேன்.

உள்ளே அவர் சிரித்தது லேசாகக் கேட்டது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று தட்டு. அதற்குப் பிறகு அவர் சுவரோடு ஒட்டி நின்று பேசினார், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "சரி மாப்பிள்ளை. உங்க பூட்டுதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன். திறங்க."

நான் கேட்க விரும்பிய வாக்கியம்தான் அது. ஆனால் பூட்டி வைத்து வாங்குகிற ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? உங்கள் தொழிலில் உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு வேண்டியது நிரூபணம். பூட்டு அவருடைய மூளையில் பிறந்தது என்றால் அவர் கைக்கு வழி தெரிந்திருக்கும், வெளியே வருவார். தெரியவில்லை என்றால் அவருடையது இல்லை. இதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

மேசையில் அவருடைய கைபேசி அதிர்ந்தது. 'தங்கச்சி' என்று வந்தது. அணைத்து வைத்தேன். விளக்கையும் அணைத்தேன், வெளி விளக்கை மட்டும். ஒரு மணிக்கு எல்லாரோடும் நானும் வெளியேறினேன்.

"என்ன, ஜோடி பிரிஞ்சாச்சா?" என்றார் காவலாளி.

"மச்சான் முன்னாடியே போயிட்டார்" என்றேன். அன்று நான் சொன்ன மூன்று பொய்களில் அது இரண்டாவது.

வீட்டில் சாப்பிட்டேன். அண்ணன் போனை எடுக்கவில்லையே என்றாள். சோதனை நடக்கிறது என்றேன். அது பொய் இல்லை. அவள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். சாப்பிட்டுப் படுத்தேன், தூக்கமும் வந்தது. இதைச் சொல்லும்போது நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். இரவு ஷிப்டு பார்த்தவனுக்குப் பகல் தூக்கம் பழக்கம், அதில் ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்குப் போனேன். குடையை மறந்துவிட்டேன் என்று காவலாளியிடம் சொன்னேன். கதவு மூடியே இருந்தது. தட்டிப் பார்த்தேன். ஒரு தட்டு, பிறகு மூன்று. பதில் இல்லை. வெளிப்பிடியை நான் இழுத்துப் பார்க்கவில்லை. அது அன்றைய சோதனையில் இல்லை.

மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மேலே, குமிழிலேயே இருந்தது. தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்க முயலவில்லை. வெளியே வந்து சோதனைத் தாளை எழுதினேன், எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை. உள்ளிருந்து திறத்தல்: இல்லை. காரணம் என்ற இடத்தில், 'பயன்படுத்தியவர் பிழை' என்று எழுதினேன். பிறகு காவலாளியைக் கூப்பிட்டேன்.

ஆக, நான்தான் செய்தேன். நட்டை இறுக்கியது நான், திறக்காமல் போனது நான். அவர் கேட்டது எனக்குக் கேட்டது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என் மனைவி என்னைப் பார்க்க வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் நான் ஏற்க முடியாது. உங்கள் நிபுணரின் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். குமிழ் முழுதாக அழுந்தி, இடது பக்கம் கால் சுற்று திரும்பிய நிலையில் இருந்தது என்கிறார். மச்சான் சரியாகத்தான் திருப்பினார், பலமுறை திருப்பினார், பின்பக்கம் பூட்டின் நாக்கைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பனி உறைந்திருந்தது, அதனால் திறக்கவில்லை என்கிறார். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் பூட்டு செய்தவர் இல்லை. முழுதாக என்று எப்படிச் சொல்கிறார்? ஒரு மயிரிழை குறைந்தாலும் பார்க்க அப்படித்தான் இருக்கும். அந்த மயிரிழைதான் வரைந்தவனுக்கும் கையெழுத்துப் போட்டவனுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த உறையிலிருந்து பூட்டை எடுத்து இப்படி வையுங்கள். விலங்கோடேயே செய்கிறேன், பரவாயில்லை. நன்றாக உலர்ந்திருக்கிறது. அழுத்துகிறேன். இடது பக்கம், கால் சுற்று.

சத்தம் கேட்டதா? பாருங்கள், எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது.