தாடிக்காரன் விற்ற பெட்டி

"...மூஞ்சியைப் பார்த்தா நல்ல பையனாத்தான் தம்பி தெரிஞ்சான். அதான் ஏமாந்துட்டேன். அதுலயும் தாடி வேற. கருகருன்னு பாதி மூஞ்சிக்குத் தாடி. இவ்ளோ தாடியைப் பொறுமையா வளர்த்தவன் வேலையிலயும் பொறுமையா இருப்பான்னு நானா நினைச்சுக்கிட்டேன். என் புத்தியைச் சொல்லணும்... கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பெட்டி உங்களை இடிக்குது. ம், அப்படித்தான்."

அவன் பஸ் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். கை தானாகத் தாடையைத் தடவப் போயிற்று. அங்கே தடவ ஒன்றுமில்லை. குழந்தையின் கன்னத்தில் உரசித் தடித்துப்போகிறது என்று மனைவி பிடித்த பிடியில் நேற்றுதான் மழித்தான். மழித்துவிட்டு, யாரோ முகத்தைத் திருடிக்கொண்டு போனதுபோல ராத்திரி முழுக்க முனகினான். இன்று காலை இந்த அம்மா பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறி வந்து அவன் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தபோது, மனைவியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அந்தப் பெட்டியை விற்றவன் அவன்தான். எலக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் பார்ப்பவர்கள் மேஜையில் வைத்துக்கொள்ளும் பவர் சப்ளை. எத்தனை வோல்ட் வேண்டுமோ குமிழைத் திருப்பி வைத்தால், அத்தனை கொடுக்கும். விற்கும்போது மொட்டையாக இருந்தது. இப்போது மஞ்சள் நூலில் பின்னிய உறை போட்டு, முன்பக்கம் இரண்டு முயல்களோடு அவர் மடியில் உட்கார்ந்திருந்தது.

"நான் பொம்மை ரிப்பேர் பண்றவ தம்பி. பேசுற பொம்மை, ஓடுற காரு, எல்லாம். டீச்சர் வேலையை விட்டப்புறம் வீட்டுல சும்மா இருந்தா எங்க வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணும், அதுக்கு இது தேவலை. அவருக்குத்தான் ஆகலை. சாப்பாட்டுல, நான் வயர் ஒட்டுற ஈயத்தோட வாசனை அடிக்குதாம். நாப்பது வருஷமா என் சமையல்ல ஒரு வாசனையும் கண்டுபிடிக்காத மனுஷன்... எங்க விட்டேன்? ஆங், கரடி. பல் டாக்டர் வீட்டுக் கரடி ஒண்ணு என்கிட்ட கிடக்கு. கிளினிக்குல அதை ஆட விட்டாத்தான் பிள்ளைங்க வாயைத் திறக்குமாம். கரடி படுத்துருச்சு, ஊர்ல ஒரு பிள்ளை வாயைத் திறக்கலை. டாக்டர் தினம் போன் பண்றாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? தாடிக்காரன் வித்த பெட்டி என் கழுத்தை அறுத்துருச்சுன்னா?"

அவன் "ம்" என்றான். அதுவும் மூக்கால்.

"சுவிட்சைப் போட்டா பன்னெண்டு வோல்ட்டுன்னு ஜம்முனு காட்டுது. பச்சை லைட்டு எரியுது. சரின்னு கரடியோட வயித்துல வயரை மாட்டுறேன். உடனே பச்சை போயி சிவப்பு. பன்னெண்டு அப்படியே சரிஞ்சு ஒண்ணுக்கும் கீழ. கரடி அசையுமா? கண்ணு கூட முழிக்கலை. சரி, கரடிதான் செத்துப்போச்சுன்னு ஒரு சின்ன பல்பை மாட்டினேன். அதுவும் எரியலை. அந்தப் பல்பை இந்தா, பையில கொண்டுவந்திருக்கேன், கடை முதலாளி முன்னாடியே மாட்டிக் காட்டுறதுக்கு."

அவனுக்கு நோய் என்னவென்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. கரண்டுக் குமிழ் அடியோடு இடப்பக்கம் கிடக்கிறது. இத்தனைக்கு மேல் கரண்டு விடாதே என்று பெட்டிக்குச் சொல்வது அந்தக் குமிழ்தான். பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டு, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும் விஷயம். அவன் வாயைத் திறந்தான்.

"அவன் இப்ப தாடியை எடுத்துட்டு வந்து நின்னாலும் எனக்குத் தெரியும் தம்பி. தையல் டீச்சரா இருந்தவ நான். போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டே பின்னாடி எது பேசுதுன்னு பேர் சொல்லிக் கூப்பிடுவேன். முகத்தை விட்டாலும் குரலை விடமாட்டேன்."

திறந்த வாயை அவன் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டான்.

"தூக்கமா? பச்சைப் பிள்ளை இருக்கிற வீடா? சட்டைத் தோள்ல பால் கக்கின கறை இருக்கே, அதான் கேட்டேன். இருக்கட்டும். அவன் என்ன சொன்னான் தெரியுமா, அந்தத் தாடி? 'பயமா இருக்கே தம்பி, இதுல கை வச்சா ஒண்ணும் ஆகாதே, சாமானெல்லாம் கருகிடாதே'ன்னு கேட்டேன். 'கரண்டைக் குறைச்சே வைங்க மேடம், ஒண்ணும் ஆகாது'ன்னான். சொல்லிட்டு போன் வந்துருச்சுன்னு போயிட்டான். அவன் சொன்னதைக் கேட்டவதானே நான்? குறைச்சேதான் வச்சிருக்கேன். குறைக்கிறதுல என்ன கஞ்சத்தனம்னு ஒரேயடியா குறைச்சு வச்சிருக்கேன். வீட்டுல தினமும் காலையில சாமி படத்துக்கு முன்னாடி நிக்கிற மாதிரி அந்தக் குமிழு முன்னாடி நின்னு, ஒழுங்கா இடப்பக்கம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் சுவிட்சே போடறது."

அவனுக்கு அந்த போன் ஞாபகம் இருந்தது. குழந்தைக்கு வந்தது தும்மலா இருமலா என்று மனைவி அழாத குறையாகக் கேட்டாள். பாதி வாக்கியத்தைக் கவுண்டரில் விட்டுவிட்டு ஓடியவன், மீதியைச் சொல்லத் திரும்பி வரவேயில்லை.

"நேத்து ஆத்திரம் தாங்கலை. வோல்ட்டுக் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்தேன். முப்பதாம். அப்பவும் பல்பு பேசாம கிடக்கு. அப்படியே விட்டுட்டு முதலாளிக்குப் போனைப் போட்டேன். நல்ல மனுஷன். 'அந்த ஆளால இன்னொரு பெட்டி திரும்பி வந்தா அன்னிக்கே கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லி வச்சிருக்கேன்மா, நீங்க கொண்டாங்க'ன்னாரு. பாவமாத்தான் இருக்கு. அதுக்காக என் கரடி சும்மா கிடக்கலாமா?"

கடைக்கு இன்னும் இரண்டு நிறுத்தம். அவன் தாடையைத் தடவினான். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்தான். குழந்தையின் தும்மலுக்கே அழுகிறவளிடம் இதை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது?

"தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க. கண்ணாடியை எங்கயோ போட்டுட்டேன், பையைக் கிளறணும். பார்த்து, கனம்."

பெட்டி அவன் மடிக்கு வந்தது. உறைக்குள் கையை விட்டான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த முகப்பு அவனுக்கு மனப்பாடம். கரண்டுக் குமிழ் நினைத்தபடியே இடப்பக்கக் கோடியில் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பப் போனவன் நிறுத்தினான். வோல்ட் முப்பதில் நிற்கிறதே. இதை மட்டும் திறந்துவிட்டால் முதலாளி கண்ணெதிரே பல்பு பட்டென்று போகும். பல்பு தப்பினால் சாயங்காலம் கரடியின் வயிறு புகையும். முதலில் வோல்ட்டை ஒரேயடியாகக் கீழே இறக்கினான். பிறகு பூட்டைத் திறக்கும் திருடனைப்போல மெல்ல மெல்ல ஏற்றி, பாதிக்கும் கொஞ்சம் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். பன்னிரண்டைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை, மங்கலாய் எரிந்தாலும் எரிந்ததுதான். அப்புறம் கரண்டுக் குமிழைத் துளி வலப்பக்கம். பல்புக்குப் போதும், ஏதாவது தப்பாகப் போனாலும் எதையும் எரிக்கப் போதாது.

அந்த அம்மாவின் பேச்சு ஒரு நூலிழை கூட அறவில்லை. கண்ணாடியைப் பைக்குள் வைக்கக் கூடாது, தலையில் ஏற்றினாலும் மறந்துவிடுகிறது, வீட்டுக்காரர் ஒருதரம் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடினார், நானும் சொல்லாமல் சாயங்காலம் வரைக்கும் தேடவிட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான். எழுந்தான். கடைக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, சந்து வழியாக ஓடிப் பின்கதவால் நுழைந்துவிடலாம். அவர் காலை ஒதுக்கி வழிவிட்டார். அவன் கம்பியைப் பிடித்துப் படிவரைக்கும் வந்துவிட்டான்.

"தம்பி."

திரும்பினான்.

"எவ்வளவு திருப்புனீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு நானே திருப்பணும்ல?"

அவன் ஒன்றும் புரியாதவன்போல நின்றான்.

"உறைக்குள்ள கை போனதும் முயலுக்கு ரெண்டு காதும் ஆடுச்சு. முதல்ல இந்த முயலு, அப்புறம் அந்த முயலு." கண்ணாடி அவர் மூக்கின்மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. "அதுக்கும் முன்னாடியே தெரியும். ஏறினதுலேருந்து இல்லாத தாடியைத் தடவிக்கிட்டே வர்றீங்க. கடையிலயும் இப்படித்தான், கரண்டுன்னு சொல்லும்போது ஒரு தடவு, மேடம்னு சொல்லும்போது ஒரு தடவு. எப்பத்தான் வாயைத் திறக்கிறீங்கன்னு பார்த்தேன். நானும் எவ்வளவுதான் பேசறது, எனக்கே வாய் வலிக்குது."

பஸ் நின்றது. இறங்குபவர்கள் அவனை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவன் படியைப் பார்த்தான். மஞ்சள் முயல்களைப் பார்த்தான். வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

"தப்பு என்னோடதுதாம்மா" என்றான். "குறைச்சு வைங்கன்னு சொன்னேன், எவ்வளவுன்னு சொல்லலை. சாமான் எவ்வளவு கேக்குதோ அதுக்கு ஒரு துளி மேல வைக்கணும், அவ்ளோதான். கரடி அரை ஆம்ப்பியர் கரண்டு கேட்டா நீங்க முக்கால் வைங்க. எப்படி வைக்கிறதுன்னா, கரடியைத் தனியா எடுத்து வச்சுடுங்க. வோல்ட்டை ரெண்டு மூணு வரைக்கும் கீழ இறக்கிட்டு, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒண்ணோட ஒண்ணு முட்ட விடுங்க. பயப்படாதீங்க, இந்தப் பெட்டி அதைத் தாங்கும். அப்ப கரண்டுக் குமிழைத் திருப்பினா ஆம்ப்பியர் தெரியும். முக்கால் வந்ததும் நிறுத்திட்டு வயரைப் பிரிச்சுடுங்க. அப்புறம் வோல்ட்டு. கரடி எத்தனை பேட்டரி போடுது? நாலா? அப்ப எதுக்கும்மா பன்னெண்டு, ஒரு பேட்டரிக்கு ஒன்றரைன்னு ஆறு போதும். பன்னெண்டு கொடுத்திருந்தா அது ஆடியிருக்காது, ஓடியே போயிருக்கும். அவுட்புட் சுவிட்சை அணைச்சுட்டு வயரை மாட்டுங்க, சிவப்பு பிளஸ்ல, அது மாறவே கூடாது. கழட்டும்போதும் அணைச்சுட்டுத்தான். ராத்திரி வச்ச அளவு காலையில அப்படியே இருக்கும்னு நம்பாதீங்க, எவனாவது தூசி துடைக்கிறேன்னு திருப்பியிருப்பான், மாட்டுறதுக்கு முன்னாடி ஒருதரம் பார்த்துடுங்க. அப்புறம் இந்த உறை... அழகாத்தான் இருக்கு, பின்னாடி காத்து போற ஓட்டையெல்லாம் மூடிக்கிடக்கு பாருங்க, வேலை செய்யும்போது கழட்டி வச்சுடுங்க, இல்லேன்னா சூடேறி..."

ஜன்னலுக்கு வெளியே கடையின் பலகை வந்தது, நின்றது, மெல்ல நகர்ந்து பின்னால் போயிற்று. இருவரும் எழவில்லை. அவன் பேசிக்கொண்டே போனான், இல்லாத தாடியைத் தடவித் தடவி.

அந்த அம்மா பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு "ம்" கொட்டினார்.