மீசையை வைத்து ஆடிய ஆட்டம்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு மேலுதடு மட்டும் முகத்தைவிட வெளுத்திருந்தது. பக்கத்தில் அவனுடைய அக்கா புருஷன்.

“எவனாவது மீசைய வெச்சு சீட்டாடுவானா? அதுவும் பொண்ணு பாக்கப் போறதுக்கு மொத நாள்? உங்க அக்கா காலையில உன்னப் பாத்துட்டு அழுதுட்டா.”

“சிநேகிதன் கல்யாண வூட்டுல சும்மா மூணு சீட்டு ஆடினோம் மாமா. என் கையில ஒண்ணுமே இல்ல. மீசையவே வெக்கிறேன்னு சொன்னா, பெரிய சீட்டு வெச்சிருக்கான்னு பயந்து எதிராளி சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிடுவான்னு நெனச்சேன்.”

“அவன் இன்னா பண்ணான்?”

“என் மூஞ்சிய நிமிந்துகூட பாக்கல. தன் சீட்டையே பாத்துகினு இருந்தான். மூணு ராஜா.”

“உன் கையில இன்னா இருக்கும்னு யோசிக்கிறவனத்தான்டா ஏமாத்த முடியும். அவன்தான் அவ்ளோ தூரம் யோசிக்கவே இல்லியே. இப்ப அந்தப் பொண்ணு இன்னா நெனச்சிதோ. போட்டோல மீசையோட இருந்தவன் நேர்ல மொழுக்குனு வந்து நிக்கிறான். ஆள மாத்திட்டாங்கன்னு நெனச்சிருக்கும். இல்லன்னா வூட்டுல ஏதோ துக்கம், நம்மகிட்ட மறைக்கிறாங்கன்னு…”

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“அது அப்டியெல்லாம் ஒண்ணும் நெனைக்கல மாமா. காப்பி குடுக்கும்போது மெதுவா ஒண்ணு கேட்டுச்சு.”

“இன்னான்னு?”

“கல்யாணத்துக்குள்ள வளந்துடுமான்னு.”